224 நாள் ஆச்சு சீஃப், கார்டைக் குடுங்க, இல்ல முடியாதுன்னு எழுதிக் குடுங்க

எங்க டவுன் போலீஸ் சீஃப் அவர்களுக்கும், மேயருக்கும், கவுன்சில் மெம்பர்களுக்கும்,

கைத்துப்பாக்கியை மறைச்சு வெச்சு எடுத்துட்டுப் போறதுக்கான பர்மிட் கேட்டு நான் அப்ளை பண்ணது இந்த வருஷம் பிப்ரவரி 3. இன்னைக்கு செப்டம்பர் 15, 2025. எண்ணிப் பாத்தா 224 நாள். நியூஜெர்சி சட்டம் உங்களுக்குக் குடுத்திருக்குற டைம் 90 நாள். அது பத்தலைன்னா என்ன காரணம்னு விவரமா எழுதி எனக்கு லெட்டர் போட்டுட்டு இன்னும் 30 நாள் எடுத்துக்கலாம், அவ்வளவுதான். எனக்கு லெட்டரும் வரல, போனும் வரல, கார்டும் வரல. ஸ்டேட் போலீஸோட ஆன்லைன் சிஸ்டத்துல தினமும் காலைல பால் பாக்கெட் எண்ணுறதுக்கு முன்னாடி போய்ப் பாக்குறேன், பரிசீலனையில் இருக்குன்னு அதே வரிதான் நிக்குது.

இதோட இங்கிலீஷ் காப்பியை போன வாரமே உங்க ஸ்டேஷன் ஜன்னல்ல குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன், அந்தப் பழக்கம் இல்லன்னு சொல்லிட்டாங்க. தமிழ்ல எழுதுறது ஏன்னா இந்த ஊர்ல என்னை மாதிரி அப்ளை பண்ணிட்டு வாயத் திறக்காம உக்காந்திருக்கவங்க இன்னும் நாலஞ்சு பேர் எனக்கே தெரியும், அவங்க படிக்கணும். போலீஸைக் கேள்வி கேட்டா ஏதாவது ஆயிருமோன்னு ஒரு பயம் ஊர்லேர்ந்தே கூட வந்தது, பாஸ்போர்ட் மாறினாலும் அது மாறல.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஹைவே ஓரத்துல இருக்குற அந்தச் சின்ன இந்தியன் கிராசரி கடை என்னுது. இட்லி அரிசி, கருவேப்பிலை, முருங்கைக்காய், ஃப்ரீசர்ல பரோட்டா. 16 வருஷமா நடத்துறேன், 2019ல சிட்டிசன் ஆனேன், இதுவரைக்கும் ஒரு ஸ்பீடிங் டிக்கெட் தவிர எம்மேல ஒண்ணும் கெடையாது. அந்த டிக்கெட்டையும் மறைக்காம ஃபார்ம்ல எழுதிட்டேன், கேக்கவே இல்ல, இருந்தாலும் எழுதினேன்.

2023 தீபாவளி முடிஞ்சு அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 18. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரை இறக்கிட்டு பின்பக்கம் கார்கிட்ட போறேன். கடைப் பின்கதவுலேர்ந்து காருக்கு நாப்பது காலடி, அப்புறம் எத்தனையோ தடவ எண்ணிட்டேன். கையில அன்னைக்கு கலெக்ஷன் பணம், பேங்க் வாசல்ல இருக்குற பெட்டியில போடறதுக்கு. டம்ப்ஸ்டர்ங்குற பெரிய குப்பைத்தொட்டி பின்னாடிலேர்ந்து ரெண்டு பேர். பையை நானே கீழ போட்டுட்டேன், எடுத்துக்கோங்கன்னு தமிழ்லயே சொன்னேன்னு நினைக்கிறேன், எந்த பாஷைல சொன்னேன்னு இப்பவும் ஞாபகம் வரல. ஒருத்தன் பையை எடுத்துட்டான், இன்னொருத்தன் போகல. ஸ்வெட்டர் காலருக்குள்ள கையை விட்டு தாலிக்கொடியைப் புடிச்சு இழுத்தான். அது அஞ்சரை பவுன், லேசுல அறாது, மூணு தடவ இழுத்தான், மூணாவது தடவ நானே அவன் கூட ரெண்டு எட்டு போயிட்டேன். கழுத்துல விழுந்த கோடு ஆற மூணு வாரம் ஆச்சு. மறுநாள் காலைல என் வீட்டுக்காரர் போய்த் தேடினாரு, பால் கிரேட் அடுக்கி வெச்ச இடுக்குல ஒரே ஒரு பவளம் கெடந்துச்சு, தாலியில கோத்திருந்தது. அதை கல்லாப்பெட்டில சில்லறை போடுற குழிலயே போட்டு வெச்சிருக்கேன். பென்னி எடுக்குறப்பல்லாம் கைல தட்டுப்படும்.

அன்னைக்கு வந்த ரெண்டு ஆபீசரும் தங்கமான பசங்க, அதையும் சொல்லணும். ஒருத்தர் தன் ஜாக்கெட்டைக் கழட்டி எனக்குப் போத்தி விட்டாரு. ஆனா அவங்க வந்து சேர 14 நிமிஷம் ஆச்சு, அது அவங்க தப்பு இல்ல, அந்த ஷிஃப்ட்ல ரெண்டே கார்தான் இருந்துச்சாம். கடை பூட்டுற நேரத்துக்கு ரோந்து விடுறோம்னு சொன்னீங்க, ரெண்டு வாரம் வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. புடிச்சீங்களான்னு கேட்டா இன்னும் விசாரணை நடக்குதுன்னு பதில்.

எங்க ஆளுங்க வீட்லயும் கழுத்துலயும் தங்கம் இருக்கும்ங்குறது இந்த நாட்டுல திருடனுக்கெல்லாம் தெரிஞ்ச சேதி. 2011லேர்ந்து 2014 வரைக்கும் ஜார்ஜியா, நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், டெக்சாஸ்னு அஞ்சு ஸ்டேட்ல இந்தியக் குடும்பங்க, மத்த ஆசியக் குடும்பங்க வீடா பாத்துப் பாத்து லிஸ்ட் போட்டு உள்ள புகுந்து கட்டிப்போட்டுக் கொள்ளையடிச்ச கும்பல் ஒண்ணு இருந்துச்சு, அதை நடத்தின பொம்பளைக்கு ஃபெடரல் கோர்ட் 37 வருஷம் குடுத்துச்சு. அதனால நான் ஏதோ டிவி பாத்துப் பயந்துட்டு வந்தவ இல்ல.

சரி, துப்பாக்கி வாங்கலாம்னு முடிவு பண்றதுக்கே வீட்ல ஒன்றரை மாசம் சண்டை. என் பொண்ணு ஹைஸ்கூல்ல படிக்குறா, துப்பாக்கிக்காரன் ஸ்கூலுக்குள்ள வந்தா என்ன பண்ணணும்னு கிண்டர்கார்டன்லேர்ந்து லைட்டை அணைச்சுட்டு டெஸ்க்குக்கு அடியில ஒளிஞ்சு பழகுன தலைமுறை. அம்மா நீயுமான்னு கேட்டா. 2021ல மட்டும் இந்த நாட்டுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேரு, அதுல பாதிக்கு மேல தங்களைத் தாங்களே சுட்டுக்கிட்டவங்கன்னு அவதான் எடுத்துக் காட்டினா, அதை நான் இல்லன்னு சொல்லல. அதனாலதான் சோதனை வேணாம், ட்ரெய்னிங் வேணாம்னு கத்துறவங்க கூட்டத்துல நான் சேரல. நல்லா சோதனை பண்ணுங்க. என் டாக்டர் ரெக்கார்டைப் பாக்கணுமா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், பாருங்க. பாத்து முடிச்சுட்டு ஒரு பதில் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

எங்க தாத்தா சிறுமலை அடிவாரத்துல தோட்டம் வெச்சிருந்தாரு, பன்னி விரட்டுறதுக்கு லைசன்ஸ் போட்ட ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் அதைக் கோணிப்பைல சுத்தி சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வருவாரு. அந்த ரசீதை மஞ்சப்பைல மடிச்சு வெச்சிருப்பாரு. அந்த ஸ்டேஷன்ல ரசீது குடுத்தாங்க சீஃப். உங்க ஜன்னல்ல குடுக்கல.

இங்க முதல் படி, துப்பாக்கி வாங்குறதுக்கான அடையாள அட்டையும் கைத்துப்பாக்கிக்கான பர்ச்சேஸ் பர்மிட்டும். 2022 டிசம்பர்ல புதுச்சட்டம் வந்து கட்டணத்தை ஏத்திட்டாங்க, அஞ்சு டாலரா இருந்த கார்டு 50, ரெண்டு டாலரா இருந்த பர்மிட் 25. கட்டினேன். கைரேகைக்குத் தனியா கட்டினேன். 2024 ஜனவரி 8 அப்ளை பண்ணேன், சட்டப்படி 30 நாள், எனக்கு வந்தது மே 21. 134 நாள். நடுவுல உங்க ஆபீஸ்லேர்ந்து முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னு கேட்டாங்க. எனக்கு நான்தான் முதலாளி, எனக்கு நானே நல்லவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரவான்னு கேட்டேன், அந்தம்மா சிரிக்கல. அந்தச் சட்டத்துலயே ஒரு வரி இருக்கு, இதுல சொல்லியிருக்கறதைத் தவிர வேற எந்த நிபந்தனையையும் அதிகாரிங்க சேக்கக் கூடாதுன்னு. அதைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினதுக்கு அப்புறம்தான் லெட்டர் பேச்சு நின்னுச்சு.

அப்புறம் என் பேரு. இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்ல, இந்த டவுன்ல இருக்குற பாதித் தமிழனுக்கு இதே கதைதான். எங்களுக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் என் பேரு, முடிஞ்சுது. பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல அந்த ஒரு எழுத்துதான் இருக்கும். பாஸ்போர்ட் எடுக்குறப்ப அந்த எழுத்தை விரிச்சு அப்பா பேரை குடும்பப் பேருன்னு போட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேரு வந்துச்சு. சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்ல ரெண்டும் சேந்து நீளமா ஒண்ணு. ஃபார்ம்ல வேற பேரு ஏதாவது உண்டான்னு கேட்ட இடத்துல யோக்கியமா எல்லாத்தையும் எழுதினேன். உங்க டிடெக்டிவ் என்னை உக்கார வெச்சு, நாலு பேரு வெச்சிருக்கீங்களே, எதுக்கு மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டீங்கன்னு கேட்டாரு. நாலும் எங்க அப்பனும் புருஷனும் சர்க்காரும் வெச்சது சார், நான் ஒண்ணு கூட வெச்சுக்கலன்னேன். அவருக்கு அது புரிஞ்ச மாதிரி தெரியல. அந்த நாலு பேருக்கும் தனித்தனியா வெரிஃபை பண்ணணும், லேட் ஆகும்னு சொன்னாரு. அந்த லேட்தான் 134 நாள்னா, அடுத்த அப்ளிகேஷன்லயும் அதே நாலு பேருக்கு மறுபடி முதல்லேர்ந்து ஏன் ஆரம்பிச்சீங்க? அதே ஆபீஸ், அதே ஃபைல், அதே டிடெக்டிவ்.

மறைச்சு எடுத்துட்டுப் போற பர்மிட்டுக்கு நாலு சாட்சி வேணும், ரத்த சொந்தமோ கல்யாண சொந்தமோ இருக்கக் கூடாது, மூணு வருஷமாவது பழகியிருக்கணும். கேக்குறதுக்கு லேசா இருக்கும். எங்க ஆளுங்ககிட்ட போய்க் கேட்டுப் பாருங்க. ஒருத்தி, பத்து வருஷமா எங்கிட்ட மாவு வாங்குறவ, முதல்ல சரின்னுட்டா, மறுநாள் போன் பண்ணி, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எங்க பேரு எதிலயும் வேணாம்க்கா, தப்பா எடுத்துக்காதீங்கன்னா. தப்பா எடுத்துக்கல, நானும் அந்த வரிசைல 11 வருஷம் நின்னவதான். எச்-1பி விசால இருக்கறவங்களுக்குத் துப்பாக்கி தொடவே பொதுவா அனுமதி இல்ல, அதனால துப்பாக்கின்னு பேச்சு எடுத்தாலே பதறுவாங்க. கடைசில ரிட்டையர் ஆன ஸ்கூல் டீச்சர் பக்கத்து வீட்டம்மா, எதிர்ல டோனட் கடை வெச்சிருக்குற குஜராத்திக்காரர், கோயில் கமிட்டில ஒருத்தர், என் கடைக்கு டாக்ஸ் பாக்குறவர்னு நாலு பேரு சேத்தேன். அவங்களுக்கு ஆட்டோமேட்டிக்கா போற ஈமெயில் ரெண்டு பேருக்கு ஸ்பாம்ல போய் விழுந்துச்சு, அது தெரியாம மூணு வாரம் போச்சு, அதை நான் உங்க கணக்குல சேக்கல. மார்ச் 7ஆம் தேதிக்குள்ள நாலு பேரும் பதில் அனுப்பிட்டாங்க. டீச்சரம்மா ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்காங்களாம், எனக்கே காட்ட மாட்டேங்குறாங்க.

ட்ரெய்னிங்கைப் பத்திச் சொல்லாம விட முடியாது. ஸ்டேட் போலீஸ் வகுத்த டெஸ்ட், 50 குண்டு, 80 சதவீதம், அதாவது 40 உள்ள விழணும். முதல் நாள் நான் சுடிதார் போட்டுட்டுப் போயிட்டேன், கழுத்து கொஞ்சம் இறக்கமா இருக்கும்ல, சுட்ட உடனே தெறிச்ச பித்தளைக் கூடு நேரா உள்ள விழுந்து நெஞ்சுல ஒட்டிக்கிச்சு, கொதிக்குது, துப்பாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு ஆடவும் முடியாது. துப்பாக்கியைக் கீழ வை, அப்புறம் ஆடுன்னு சொல்லிக் குடுத்த வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. அன்னைக்கு 31. தழும்பு இருக்கு. அதுக்கப்புறம் கடையை வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போனேன், கழுத்து மூடின டிஷர்ட் போட்டுக்கிட்டு, நாலாவது மாசம் 43. சேலை கட்டினா எங்க வெச்சுக்குறதுன்னு வாத்தியாரைக் கேட்டேன், பாவம், அவருக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல போல. மறைச்சுதான் வெச்சுக்கணும், உறைல போட்டுதான் வெச்சுக்கணும்னு சட்டம், பெல்ட் கட்டாத ஆளுங்களும் இந்த ஸ்டேட்ல இருக்கோம்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தோணல.

கிளாஸ்ல முக்காவாசி நேரம் எப்ப சுடக் கூடாதுங்குறதுதான் பாடம். வெறும் பணத்தைக் காப்பாத்த சுடக் கூடாது. வீட்டுக்கு வெளிய பத்திரமா ஒதுங்கிப் போக முடியும்னா ஒதுங்கித்தான் போகணும். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நவம்பர் 18 அன்னைக்கு கையில துப்பாக்கி இருந்திருந்தா சுட்டிருப்பியான்னு என் பொண்ணு கேட்டா, மாட்டேன்னுதான் நினைக்கிறேன், பையைத்தான் குடுத்திருப்பேன். ஆனா அவன் பையை வாங்கிட்டுப் போகாம நின்னு கழுத்துல கையை விட்டானே, அந்த மூணு இழுப்பு நேரம், அப்ப அவன் என்ன நினைச்சிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியாது, அடுத்து என்ன பண்ணுவான்னும் தெரியாது. அந்த மாதிரி நேரத்துக்கு எங்கிட்ட ஒரு வழி இருக்கணும்னு கேக்குறேன்.

பிப்ரவரி 3 அப்ளிகேஷன் போட்டேன், 200 டாலர். அதுல 150 டவுனுக்கு, 50 குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு ஸ்டேட் வெச்சிருக்குற இழப்பீட்டு ஆபீஸுக்குன்னு 2022 சட்டத்துலயே பிரிச்சு எழுதியிருக்கு. பாதிக்கப்பட்டவளே பாதிக்கப்பட்டவங்க ஃபண்டுக்குக் காசு கட்டுற வேடிக்கையை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. போகட்டும். அந்த 150 டாலர் இந்த வேலையைச் செய்யத்தான டவுனுக்கு வருது? மார்ச் கடைசில ஜன்னல்ல போய்க் கேட்டா, துப்பாக்கியால அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆனா ஈடு குடுக்குற மூணு லட்சம் டாலர் லயபிலிட்டி இன்சூரன்ஸ் பேப்பர் எங்கன்னு கேட்டாங்க. அந்த இன்சூரன்ஸ் விதியை ஃபெடரல் கோர்ட் 2023லயே நிறுத்தி வெச்சிருச்சு. கடைக்காரி எனக்குத் தெரியுது, அதே வேலையா உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியலைங்குறதை நான் எப்படி எடுத்துக்குறது?

மே 4, 90ஆவது நாள். லெட்டர் இல்ல. ஜூன் 3, 120ஆவது நாள். அந்தத் தேதியைப் பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் கல்லாவுலயே உக்காந்துட்டேன். 2015 ஜூன் 3, இதே நியூஜெர்சில பெர்லின் டவுன்ஷிப்ல ஒரு பொம்பளை தன் வீட்டு வாசல்லயே குத்திக் கொல்லப்பட்டா. பழைய காதலன் மேல கோர்ட்ல தடை உத்தரவு வாங்கி வெச்சிருந்தா, வீட்டுக்கு கேமரா போட்டிருந்தா, ஏப்ரல் 21ஆம் தேதியே துப்பாக்கி வாங்க அப்ளை பண்ணியிருந்தா. சட்டப்படி 30 நாள். அவ செத்தது 43ஆவது நாள். பேப்பர் இன்னும் மேசைல இருந்துச்சு. துப்பாக்கி வந்திருந்தா அவ பிழைச்சிருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா அந்த 13 நாள் அவளோடது, அதை எடுத்துக்கிட்டது ஆபீஸ்.

இப்ப ஒரு விஷயம், இதுதான் என்னைத் தூங்க விடாம பண்றது. எடுத்துட்டுப் போற பர்மிட்டுக்கு 90 நாள்னு சொன்ன அதே சட்டத்துல, குறிச்ச நாளுக்குள்ள சம்மதமும் சொல்லாம மறுப்பும் சொல்லாம விட்டா அப்ளிகேஷன் ஏத்துக்கிட்டதா கருதப்படும்னு எழுதியிருக்கு. அப்ப பேப்பர்ல பாத்தா எனக்கு பர்மிட் கெடைச்சு மாசக்கணக்கு ஆச்சு. கையில கார்டு மட்டும் இல்ல. சட்டத்துல கெடைச்சிருச்சுன்னு நம்பி நான் நாளைக்கு அதை எடுத்துட்டு வெளிய போனா, ரோட்டுல நிறுத்துற ஆபீசர் சட்டப் புத்தகத்தையா கேப்பாரு, கார்டைத்தான கேப்பாரு? பர்மிட் இல்லாம வெளிய கைத்துப்பாக்கி வெச்சிருந்தா இந்த ஸ்டேட்ல ரெண்டாம் தரக் குற்றம், அஞ்சுலேர்ந்து பத்து வருஷம், கிரேவ்ஸ் ஆக்ட்னு ஒண்ணு, அதுப்படி குறைஞ்சது 42 மாசம் முழுசா உள்ள இருந்துட்டுத்தான் பரோல் பத்தியே யோசிக்கணும். 2013ல பக்கத்து பென்சில்வேனியாலேர்ந்து, அங்க முறையா பர்மிட் வாங்கின ஒரு சின்னக் குழந்தைங்களோட தாய், இங்கயும் செல்லும்னு நினைச்சு வந்து, வண்டியை நிறுத்தின ஆபீசர்கிட்ட தானே உண்மையைச் சொல்லி மாட்டிக்கிட்டு, கடைசில 2015ல கவர்னர் மன்னிப்புக் குடுத்துத்தான் முழுசா வெளிய வந்துச்சு. உங்க லேட்டுக்கு உங்களுக்குத் தண்டனை ஒண்ணும் இல்ல, நான் ஒரு எட்டு தப்பா வெச்சா 42 மாசம். இது என்ன நியாயம்னு கேக்காம என்னத்தைக் கேக்க?

அந்தப் பென்சில்வேனியாலதான் என் சித்தி பையன் இருக்கான். டெலவேர் ஆத்துக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டினா அரை மணி நேரம். ஷெரிஃப் ஆபீஸ் போனான், 20 டாலர் கட்டினான், சட்டப்படி 45 நாள் டைம் இருந்தும் ஒரு வாரத்துல கார்டு, அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். எங்களுது ரெண்டே வருஷம், அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து. அங்க ட்ரெய்னிங்கே கேக்கறதில்ல, அது சரின்னு நான் சொல்ல மாட்டேன், அவன் சுடுறதைப் பாத்திருக்கேன், பக்கத்துல நிக்க மாட்டேன். ஆனா பதில் சொல்றதுல அவங்ககிட்ட கத்துக்கலாம்.

இன்னொரு சாக்கும் உங்களுக்கு மிச்சம் இல்ல. 2022 ஜூன் 23 வரைக்கும், ஏன் வேணும், நியாயமான தேவை என்னன்னு கேட்டு கடைக்காரங்களை எல்லாம் அப்படியே திருப்பி அனுப்பிட்டு இருந்தீங்க. அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் வழக்குல நியூயார்க்ல நூறு வருஷத்துக்கு மேல இருந்த இதே மாதிரி விதியை 6-3ன்னு அடிச்சுது, மறுநாளே நம்ம ஸ்டேட் அட்டர்னி ஜெனரலும் அந்தக் கேள்வியை எடுத்துட்டாரு. அந்தத் தீர்ப்புல ஒன்பதாவது அடிக்குறிப்பு, என் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா, எதிர்ப்பாளியே சாட்சி, அதுல பர்மிட் முறையே தப்புன்னு சொல்லல, ஆனா அப்ளிகேஷனை ரொம்ப நாள் இழுத்தடிச்சோ அநியாயத்துக்குக் கட்டணம் வாங்கியோ சாதாரண ஜனங்க உரிமையைப் பறிச்சா அதை எதிர்த்து வழக்குப் போடலாம்னு கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. அதுவும் போக, முன்னாடி கடைசி முடிவு ஜட்ஜ்கிட்ட இருந்துச்சு, 2022 டிசம்பர் சட்டத்துக்கு அப்புறம் அது உங்க கைக்கே வந்துருச்சு சீஃப். கோர்ட்ல நிக்குதுன்னு இனி சொல்ல முடியாது. உங்க மேசைலதான் நிக்குது.

ஆள் பத்தல, ஒரே டிடெக்டிவ், அவருக்கே நூறு வேலைன்னு போன மாசம் ஜன்னல்ல சொன்னாங்க. நம்புறேன். கடையில ஆள் பத்தாம நான் தவிக்காத நாளா? ஆனா அதை எழுதி அனுப்பத்தான சட்டம் உங்களுக்கு 30 நாள் கூடக் குடுத்துச்சு, அந்த ஒரு லெட்டர் கூட எழுத ஆள் இல்லையா?

நான் கேக்குறதை இப்ப நேராச் சொல்றேன். செப்டம்பர் 30க்குள்ள என் அப்ளிகேஷன்ல முடிவு எடுங்க. தர முடியாதுன்னா, என்ன காரணம்னு எழுத்துல குடுங்க, மறுப்பு வந்தா 30 நாளுக்குள்ள சுப்பீரியர் கோர்ட்ல ஹியரிங் கேக்குற உரிமை எனக்கு இருக்கு, நான் அங்க போய்ப் பேசிக்கிறேன். நீங்க மறுக்கவும் இல்லன்னா நான் அங்கயும் போக முடியாம நடுத் தெருவுல நிக்குறேன், அதுதான் எல்லாத்தையும் விட மோசம். 120 நாள் தாண்டின அப்ளிகேஷன் என்னோடது மட்டும் இல்லன்னா, அத்தனையையும் வரிசைப்படி எடுத்து முடிங்க, எனக்கு மட்டும் முடிச்சுக் குடுத்து வாயை அடைக்க வேணாம். கோர்ட் தடை உத்தரவு கையில வெச்சிருக்குற பொம்பளைங்க யாராவது அந்த வரிசைல இருந்தா எனக்கு முன்னாடி அவங்களை எடுங்க, நான் காத்திருக்கேன், இதை எழுதியே குடுக்குறேன்.

ஜன்னல்ல உக்காந்திருக்கவங்களுக்கு இப்ப நடைமுறைல என்ன பேப்பர் வேணும், என்ன வேணாம்னு ஒரு பக்கம் அடிச்சுக் குடுத்து சுவத்துல ஒட்டுங்க. பேப்பர் வாங்கினா தேதி சீல் போட்டு ரசீது குடுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது போனை எடுத்து ஸ்டேட்டஸ் சொல்ல ஒரு ஆளைப் போடுங்க. எங்க பேரு எப்படி வருதுன்னு உங்க டிடெக்டிவுக்கு ஒரு அரை மணி நேரம் சொல்லிக் குடுக்கணும்னா எங்க கோயில் கமிட்டில வந்து இலவசமாச் சொல்லிக் குடுக்க ஆள் ரெடி, இனிஷியலைத் திருட்டுப் பேருன்னு நினைக்காம இருந்தாப் போதும்.

மேயருக்கும் கவுன்சிலுக்கும் ஒண்ணு. மாசம் எத்தனை அப்ளிகேஷன் வந்துச்சு, எத்தனை குடுத்தாச்சு, எத்தனை மறுத்தாச்சு, 90 நாள் தாண்டி எத்தனை கெடக்குதுன்னு நாலே நாலு எண், யார் பேரும் வேணாம், கவுன்சில் மீட்டிங்ல படிங்க. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் வர்ற அந்த 150 டாலர் எங்க போகுதுன்னும் சொல்லுங்க. இன்னொரு ஆளை வேலைக்கு வெக்கணும்னா பட்ஜெட்ல வெச்சுக் குடுங்க, அதுக்கு கையத் தூக்கி ஓட்டுப் போட முதல் ஆளா நானே வர்றேன். 30ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல பொதுமக்கள் பேசுறதுக்குக் குடுக்குற மூணு நிமிஷத்துக்கு என் பேரைக் குடுத்துட்டேன், நாலு பேருல எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் எந்திரிச்சு வருவேன்.

அதுக்கு முன்னாடியே கார்டு ரெடி ஆயிருச்சுன்னா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அலைய விட வேணாம், கடை ராத்திரி ஒன்பதரை வரைக்கும் திறந்திருக்கு. மறுப்பு லெட்டரா இருந்தாலும் அங்கயே கொண்டு வந்து குடுக்கலாம், வாங்கிக்கிட்டதுக்கு நான் ரசீது தர்றேன்.

இப்படிக்கு,
ஹைவே ஓரத்து கிராசரிக் கடைக்காரி
அப்ளிகேஷன் போட்ட தேதி: பிப்ரவரி 3, 2025